வீட்டை விற்றுவிட்டார்கள், நாம் காலி செய்ய வேண்டுமா?

வாடகை வீட்டில் இருக்கிற யாருக்கும் வயிற்றைக் கலக்குகிற செய்தி ஒன்று உண்டென்றால், அது "வீட்டை விக்கலாம்னு இருக்கோம்" என்பதுதான். சொல்கிறவர் சாதாரணமாகத்தான் சொல்வார். கேட்கிறவருக்கு அந்த நிமிடமே சாமான்களெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போன மாதிரி இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகிற தூரம், கொடுத்து வைத்திருக்கிற அட்வான்ஸ் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அன்றிரவே வேறு வீடு தேட உட்கார்ந்துவிடுவோம்.

நான் குடியிருக்கும்போதே என் வீடு கைமாறியிருக்கிறது. அதற்கப்புறம் தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள் என்று பலர் இதே கேள்வியோடு என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் அன்றைக்கு வந்த பயத்தில் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிடுகிற எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: வீடு விற்பனையாவது வேறு, உங்கள் வாடகை ஒப்பந்தம் முடிவது வேறு. முதலாவது நடந்துவிட்டது என்பதற்காக இரண்டாவது தானாக நடந்துவிடாது.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் தன்னிடம் இருப்பதைத்தான் விற்க முடியும். உங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது என்றால், அந்த எட்டு மாதம் அங்கே குடியிருக்கிற உரிமையை ஓனர் ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. அது போக மிச்சம் இருப்பதைத்தான் அவர் இப்போது இன்னொருவருக்குக் கொடுக்கிறார். வாங்குகிறவர் வீட்டோடு சேர்த்து உங்களையும், உங்கள் ஒப்பந்தத்தையும், அதில் ஓனர் ஏற்றுக்கொண்ட பொறுப்புகளையும் வாங்குகிறார்.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிற இந்த விதி சுலபத்தில் வந்துவிடவில்லை. பழைய ரோமானியச் சட்டத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வாடகை என்பது இரண்டு பேருக்கு இடையிலான வாக்குறுதி மட்டும்தான், வீட்டின் மேல் உள்ள உரிமை கிடையாது. அதனால் புதிதாக வாங்கியவர் "நான் உங்களிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே" என்று சொல்லிக் குடியிருப்பவரை வெளியேற்றலாம். வெளியேற்றப்பட்டவர் பழைய ஓனர் மேல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். வீடு போனது போனதுதான். அதனால் விற்கும்போதே, குடியிருப்பவரைத் தொடர்ந்து இருக்கவிட வேண்டும் என்று வாங்குபவரிடம் பேசி முடித்துக்கொள்ளும்படி அன்றைய சட்ட அறிஞர் காயுஸ் விற்பவர்களுக்குச் சொல்கிறார். வழக்கு வராமல் தப்பிக்க விற்பவருக்கு அது ஒன்றுதான் வழி.

ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிவில் சட்டத் தொகுப்பு எழுதியபோது இந்த ரோமானிய விதியையே எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். 1888-இல் வெளியான முதல் வரைவில் வீடு விற்றால் வாடகை ஒப்பந்தம் முறியும் என்றுதான் இருந்தது. ஓட்டோ ஃபான் கீர்க்கே போன்ற சட்ட அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகரங்களில் பாதிப்பேருக்கு மேல் வாடகைக்கு இருக்கும்போது இப்படி ஒரு சட்டமா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் 1900 ஜனவரி 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தபோது விதி மாறியிருந்தது. விற்பனை வாடகையை முறிக்காது என்பது இன்றைக்கும் அங்கே 566-ஆவது பிரிவாக இருக்கிறது.

நான் படித்ததில் என்னை உலுக்கிய கதை ஜப்பானுடையது. 1904–05 ரஷ்யப் போருக்குப் பிறகு அங்கே நகரங்களில் மனை விலை ஏறியது. பலர் அடுத்தவர் மனையை வாடகைக்கு எடுத்து, அதன் மேல் சொந்தச் செலவில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். மனைக்காரர் வாடகையை ஏற்றக் கேட்பார். மறுத்தால் மனையை இன்னொருவருக்கு விற்றுவிடுவார், பல நேரம் வெறும் காகிதத்தில் மட்டும். மனை வாடகை பதிவாகாமல் இருந்ததால் அது புதியவரைக் கட்டுப்படுத்தாது. பதிவு செய்யலாம் என்றாலோ மனைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், போடச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. புதியவர் வந்து "என் மனையில் உன் வீடு நிற்கக்கூடாது, இடித்து எடுத்துக்கொண்டு போ" என்பார். நின்ற வீடு ஒரு கையெழுத்தில் விழுந்துவிடும் என்பதால் மக்கள் இதை 'பூகம்ப விற்பனை' என்றார்கள். இதைத் தடுக்கவே 1909-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மேலே இருக்கிற கட்டடம் குடியிருப்பவர் பெயரில் பதிவாகியிருந்தால் மனை வாடகை உரிமை புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் என்றது அது. வீட்டையே வாடகைக்கு எடுத்தவர்களுக்கு 1921-இல் பாதுகாப்பு வந்தது. பதிவெல்லாம் வேண்டாம், சாவி வாங்கிக் குடியேறிவிட்டால் போதும், அப்புறம் யார் வாங்கினாலும் உங்கள் வாடகை நிற்கும். இப்போது அமலில் இருக்கிற 1991-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 31-ஆவது பிரிவில் அதுவே இருக்கிறது.

வாடகை ஏற்ற மறுத்தவரை விற்பனையைக் காட்டி மிரட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. "விக்கப் போறேன்" என்று சொல்லிக் காலி செய்ய வைத்துவிட்டு, அடுத்த மாதமே கூடுதல் வாடகைக்கு வேறு ஆளை வைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் 2025-ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டம் இதைத்தான் குறிவைக்கிறது. 2026 மே 1 முதல், விற்பதற்காகக் காலி செய்யச் சொல்லும் ஓனர் 4 மாத நோட்டீஸ் தர வேண்டும். குடியேறிய முதல் 12 மாதத்துக்குள் இந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது. வெளியேற்றிய பிறகு 12 மாதத்துக்கு அந்த வீட்டை மறுபடி வாடகைக்கு விடவும் கூடாது. இந்தக் கடைசி ஷரத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விற்கப் போகிறேன் என்பது பொய்யாக இருந்தால் அந்தப் பொய்க்கு ஒரு விலை வைக்கிறது.

சரி, நோட்டீஸ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதை வைத்துத்தான் எல்லாம். இத்தனாம் தேதி வரை என்று காலம் குறித்த ஒப்பந்தமாக இருந்தால், பொதுவாகப் புதிய ஓனர் அந்தத் தேதி வரை காத்திருக்க வேண்டும். விதிவிலக்கு, ஒப்பந்தத்திலேயே "வீட்டை விற்கும் பட்சத்தில் இத்தனை மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருந்தால். நாம் கையெழுத்துப் போடும்போது வாடகைத் தொகையையும் அட்வான்ஸையும் பார்ப்போம், இந்த வரியைப் பார்க்க மாட்டோம். உங்கள் பத்திரத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். இருந்தால், புதுப்பிக்கும்போது நீக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் மாதக் கணக்கையாவது கூட்டிக் கேளுங்கள்.

காலம் முடிந்தும் மாதா மாதம் வாடகை கொடுத்துத் தொடர்கிறீர்கள் என்றால் உங்கள் நிலை பலவீனம்தான். அப்போதும் விற்பனையே நோட்டீஸ் ஆகிவிடாது. புதிய ஓனரோ பழைய ஓனரோ முறையான நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும், அந்தக் காலம் ஓட வேண்டும். அந்தக் காலம் நாட்டுக்கு நாடு ரொம்ப மாறும். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது மாத வாடகைக்கு வெறும் 15 நாள் என்கிறது. அதற்கு மேல் அந்தந்த மாநில வாடகைச் சட்டம் தருகிற பாதுகாப்பு தனி. பிரான்ஸில் தனி மனிதர் கட்டில், மேஜை போன்ற சாமான்கள் இல்லாமல் வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஒப்பந்தமே 3 வருடம். விற்பதற்காக முடிக்க வேண்டுமென்றால் அந்தக் காலம் முடிவதற்கு 6 மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸே முதலில் குடியிருப்பவருக்கு விற்பனை வாய்ப்பாகவும் அமைய வேண்டும். விலை, நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும். நோட்டீஸ் காலத்தின் முதல் 2 மாதம் அந்த வாய்ப்பு அவருக்கு. கனடாவின் ஒன்டாரியோவில் மூன்று வீடுகளுக்கு மிகாத கட்டடமாக இருந்து, வாங்குபவர் தானோ தன் குடும்பமோ குடியேறத்தான் வாங்குகிறார் என்றால், 60 நாள் நோட்டீஸும் ஒரு மாத வாடகை அளவு இழப்பீடும் உண்டு. அந்த 60 நாளும் குறித்த காலத்தின் கடைசி நாளுக்கு முன்னால் முடிய முடியாது.

ஆக, ஒருவர் வந்து "ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுங்க" என்றால் பதற வேண்டாம். "எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் தேதி, காரணம், கையெழுத்து போட்டவர் யார் என்று பாருங்கள். வீட்டுக்கு விலை பேசி முன்பணம் மட்டும் கொடுத்தவர் இன்னும் ஓனர் ஆகிவிடவில்லை. பத்திரம் பதிவாகும் வரை அவர் பெயரில் உங்களுக்கு நோட்டீஸ் வர முடியாது.

இனி அட்வான்ஸ். எனக்குத் தெரிந்து வீடு கைமாறும்போது வாடகைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். காலி செய்கிற தேதியில் ஒரு மாதம் முன்பின் ஆனால் சமாளித்துவிடலாம். அட்வான்ஸ் மொத்தமாகப் போனால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

என் வீடு கைமாறியபோது நடந்ததைச் சொல்கிறேன். பத்திரப் பதிவு முடிந்த வாரத்தில் ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு. "மேடம், வீட்ட நான்தான் வாங்கியிருக்கேன். இந்த மாசத்துலேர்ந்து வாடகைய என் அக்கவுண்டுல போட்டுடுங்க" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பழைய ஓனர் அம்மாவிடம் போய், வீடு கைமாறிய விவரத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "உங்க மேல இருக்கும்மா. அவரை எனக்குத் தெரியாதே" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேரனின் நோட்டிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து எழுதினார். இன்ன தேதியில் இன்னாருக்கு வீட்டை விற்றுவிட்டேன், இந்த மாதம் வரை வாடகை எனக்கு வந்துவிட்டது, பாக்கி எதுவும் இல்லை, என்னிடம் இருந்த அட்வான்ஸ் தொகை முழுவதையும் வாங்கியவரிடம் கொடுத்துவிட்டேன். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். அதன் கீழே, "பெற்றுக்கொண்டேன், குடியிருப்பவர் காலி செய்யும்போது திருப்பித் தருவேன்" என்று புதியவரிடம் எழுதி வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எங்கள் மூவரிடமும் அதன் நகல் இருந்தது.

அந்தத் தாளில் இருந்தது ஐந்தாறு வரிதான். இது இல்லாமல் போனால் என்ன ஆகும்? காலி செய்கிற நாளில் புதியவர் "அட்வான்ஸ நீங்க அவங்ககிட்டதானே குடுத்தீங்க, அவங்ககிட்டயே கேளுங்க" என்பார். பழையவர் "விலையில கழிச்சிட்டுத்தான் குடுத்தாரு, அவருகிட்ட கேளுங்க" என்பார். நடுவில் நீங்கள் அலைவீர்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதில் நாட்டுக்கு நாடு நுணுக்கம் உண்டு. ஜெர்மனியில் வாங்கியவர்தான் திருப்பித் தர வேண்டும். அவரிடமிருந்து பெற முடியாமல் போனால் பழைய ஓனரும் பொறுப்பு, அவர் கைகழுவ முடியாது. பிரான்ஸில் புதிய ஓனர் தலையில்தான் அந்தப் பொறுப்பு. மேலே சொன்ன இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு வேறு மாதிரி. வாங்குகிறவருக்குப் பழைய ஓனரின் உரிமைகள் எல்லாம் வந்துவிடும். பொறுப்புகள் அவரைச் சேர்வது குடியிருப்பவர் விரும்பி அவரைப் பொறுப்பாளராக ஏற்கும்போதுதான். விற்றுவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காகப் பழையவர் விடுபடுவதில்லை. அதே பிரிவில் இன்னொரு நல்ல பாதுகாப்பும் இருக்கிறது. வீடு கைமாறியது தெரியாமல், தெரிய வழியும் இல்லாமல் பழைய ஓனருக்கே வாடகை கொடுத்துவிட்டால், அதை மறுபடி புதியவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு முந்தைய பாக்கி வாடகையையும் வாங்கியவர் உரிமையாகக் கேட்க முடியாது.

அட்வான்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து என்பதைத் தென் கொரியா காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 'ஜொன்சே' என்று ஒரு முறை இருக்கிறது. மாத வாடகை கிடையாது, வீட்டு விலையில் பெரும்பகுதியை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பார்கள், காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். 1981-ஆம் ஆண்டின் வீட்டு வாடகைப் பாதுகாப்புச் சட்டப்படி, குடியேறி முகவரியையும் பதிவு செய்துவிட்டால் வீட்டை யார் வாங்கினாலும் அவர் ஓனரின் இடத்தில் வந்து நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு பதிவு செய்த மறுநாள் தொடங்கும் நொடியிலிருந்துதான். இந்த ஒரு நாள் இடைவெளியை மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாடகைக்காரர் குடியேறுகிற அன்றே வீட்டை அடமானம் வைத்தார்கள், இல்லாவிட்டால் கையில் காசே இல்லாத யார் பெயருக்காவது மாற்றிவிட்டார்கள். சட்டப்படி புதிய ஓனர்தான் பணம் தர வேண்டும், அவரிடமோ ஒன்றும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 2023-இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

அதனால்தான் சொல்கிறேன், புதிய ஓனர் ஏற்றுக்கொண்டால் போதும் என்று பழையவரை விட்டுவிடாதீர்கள். இரண்டு பேருடைய கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கட்டும்.

வீடு பார்க்க ஆள் வருகிற காலம் ஒன்று இருக்கிறது. விற்பனைக்கு முன்னால் பல மாதம்கூட அது நீளும். தரகர் வாசலில் நின்று "மேடம், அஞ்சே நிமிஷம்" என்பார். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், குளியலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், படுக்கையறையைப் படம் எடுப்பார்கள். நாம் சமையலறையில் யாரோ மாதிரி ஒதுங்கி நிற்போம். இதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டைக் காட்ட ஓனருக்கு உரிமை உண்டு, ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான். ஒன்டாரியோவில் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், அதுவும் காலை 8 முதல் இரவு 8-க்குள். உங்கள் ஊரில் சட்டம் எதுவாக இருந்தாலும், வாரத்தில் இன்ன கிழமை, இன்ன நேரம் என்று ஓனரோடு பேசி வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்தால் குழந்தைகளின் புகைப்படம், மேஜை மேல் இருக்கிற மருந்துச் சீட்டு எதுவும் விழக்கூடாது என்று சொல்லுங்கள். வருகிறவர்களிடம் கோபப்படவும் வேண்டாம். அவர்களில் ஒருவர் நாளைக்கு உங்கள் ஓனர் ஆகலாம்.

வங்கி ஏலத்தில் வீடு போவது தனிக்கதை. அங்கே முந்தியது அடமானமா வாடகையா என்பதைப் பொறுத்துப் பல இடங்களில் முடிவு மாறும். அமெரிக்காவில் 2008 நெருக்கடியில் ஓனர் கடன் கட்டாததால் ஒழுங்காக வாடகை கட்டியவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகு 2009-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து, குறைந்தது 90 நாள் நோட்டீஸ் என்றது. இடையில் காலாவதியான அந்தச் சட்டம் 2018-இல் நிரந்தரமானது. வீட்டுச் சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் தாமதிக்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதை நாமே படித்துச் சமாளிக்க முடியாது.

பேசி முடித்துக்கொண்டு கிளம்புவதிலும் தப்பில்லை. ஆளில்லாத வீட்டுக்குத்தான் பெரும்பாலும் நல்ல விலை வரும், தானே குடியேற நினைப்பவர் ஆளிருக்கிற வீட்டைத் தொடவே தயங்குவார். அதனால் நீங்கள் குறித்த காலத்துக்கு முன்பே கிளம்புவது ஓனருக்குப் பண மதிப்புள்ள உதவி. அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சாமான் ஏற்றும் செலவு, புது வீட்டுத் தரகு, ஒன்றிரண்டு மாத வாடகைத் தள்ளுபடி என்று கேட்கலாம். கூச்சப்படாதீர்கள். கேட்டது கிடைத்தால் அதையும் எழுதி வாங்குங்கள். சாவி கைமாறுகிற அதே நேரத்தில் அட்வான்ஸும் கைமாற வேண்டும். "அப்புறம் அனுப்பறேன்" என்பதற்கு ஒத்துக்கொண்டு, காலி செய்துவிட்டதாக முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இதைப் படிக்கிறவர்களில் வீடு வாங்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். நீங்கள் விலை பேசுகிற வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது என்றால், விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் அவர்களிடம் நேராகப் பேசுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் எதுவரை, முன்கூட்டிக் கொடுத்த வாடகை ஏதாவது உண்டா என்று கேட்டு, குடியிருப்பவரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கடை, அலுவலகக் கட்டடங்களை வாங்குபவர்கள் இப்படி எழுதி வாங்குவதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள், எஸ்டாப்பல் சான்றிதழ் என்பார்கள். அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்துக்கொண்டால் பத்திரத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். "அவங்க ரெண்டு மாசத்துல போயிடுவாங்க" என்று விற்பவர் சொன்னால், காலியான வீடாகத்தான் ஒப்படைப்பேன் என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், வீடு காலியாகும் வரை விலையில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்தி வையுங்கள். எழுத அவர் தயங்கினால், குடியிருப்பவரிடம் அவர் இன்னும் பேசவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.